கடைமடையின் குரல்: பொறியியல் வடிவமைப்பில் கூட்டுழைப்பு

வெள்ளகோவில் வட்டாரத்து உழவர்களிடம் 'கடைமடை' என்ற சொல்லுக்கு விளக்கம் கூற வேண்டியதில்லை. பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம் ஆனைமலைத் தொடரின் ஆறுகளை ஒன்றிணைப்பது. அந்நீரை மலையடிவாரத்தைத் தழுவிவரும் காண்டூர் கால்வாய் திருமூர்த்தி அணையில் கொண்டுவந்து சேர்க்கிறது. அங்கிருந்து புறப்படும் நீர், கோவை, திருப்பூர் மாவட்டங்களில் ஏறத்தாழ 3.77 இலட்சம் ஏக்கர் நிலத்துக்கு நான்கு மண்டலங்களாக முறைவைத்துப் பகிரப்படுகிறது. அப்பகிர்வின் கடைக்கோடியில் அமைந்தவை காங்கேயம், வெள்ளகோவில் பகுதிகள். வரைபடத்தில் வாய்க்கால் கடைமடைவரை செல்கிறது. நீரும் அவ்வாறே செல்கிறதா என்பதை முதலில் அறிபவர், மடைவாயில் மண்வெட்டியுடன் நிற்கும் உழவரே. தமக்குரிய பங்கு வந்து சேரவில்லை என்று அவர்கள் நெடுங்காலமாகக் குரல் கொடுத்து வருவதும் நாடறிந்த செய்தி.

பொறியியல் வடிவமைப்புப் பற்றி எழுதப் புகுந்த தமிழாசிரியன் வாய்க்கால் ஓரத்தில் ஏன் நிற்கிறான் என்று மாணவர் வியக்கக்கூடும். காரணம் உண்டு. தண்ணீர் தலைமடையிலிருந்து கடைமடைக்கு ஓடுகிறது. குறைபற்றிய செய்தியோ கடைமடையிலிருந்து தலைமடைக்கு ஓடியாக வேண்டும். எந்தப் பொறியை வடிவமைத்தாலும், எந்தப் பாலத்தைக் கட்டினாலும் நிலைமை இதுதான். திட்டம் மேலிருந்து வருகிறது. பிழை கீழே தெரிகிறது. அவ்விரண்டையும் இணைக்கும் வாய்க்காலுக்கே இக்காலத்தார் 'மென்திறன்' என்று பெயரிட்டுள்ளனர்.

இப்பெயர் பிறந்த கதையே சுவையானது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் படைத்துறையின் பயிற்சியாளர்கள், பொறிகளைக் கையாளும் திறனை வன்திறன் என்றும், மனிதரோடும் தாளோடும் பழகிச் செய்யும் பணிகளுக்கு வேண்டிய திறனை மென்திறன் என்றும் பிரித்தனர். பீரங்கியைக் கையாள்வது வன்மை, மனிதரைக் கையாள்வது மென்மை என்று அவர்கள் எண்ணினர் போலும்! இருபதாண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன்: இரண்டில் எது கடினமானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

இன்று மென்திறன் பயிற்சி என்ற பெயரில் கழுத்துப்பட்டை கட்டும் முறையும், கைகுலுக்கும் முறையும், நுனிநாக்கு ஆங்கிலமும் கற்பிக்கப்படுகின்றன. நேர்முகத் தேர்வின் அரைமணி நேரத்துக்கு அவை உதவலாம். ஆனால் 2014-ஆம் ஆண்டு இந்தியா நிரந்தர உறுப்பினராகச் சேர்ந்த வாஷிங்டன் உடன்பாடு, ஒரு பொறியியல் பட்டதாரியிடம் எதிர்பார்க்கும் பண்புகளுள் குழுவாகப் பணியாற்றுதலையும் கருத்துப் பரிமாற்றத்தையும் சேர்த்திருப்பது வேறொரு காரணத்துக்காக. அக்காரணத்தைக் காணக் கோவையின் பவுண்டரி ஒன்றுக்குள் நுழைவோம்.

பவுண்டரியில் ஒரு பாடம்

கோவை மண்டலம் நீரேற்றும் பம்புகளுக்குப் பெயர்பெற்றது. பம்பின் வெளிக்கூட்டை ஓர் இளம்பொறியாளர் வரைகிறார் என்று கொள்வோம். நீர் சுழன்று வெளியேறும் பாதை, அழுத்தம், சுவரின் தடிமன் அனைத்தும் கணக்கிடப்பட்டுவிட்டன. கணக்கில் பிழையில்லை. அவ்வரைபடம் பேட்டர்ன் செய்பவரிடம் செல்கிறது. பேட்டர்ன் என்பது மரத்தாலோ உலோகத்தாலோ செய்த அச்சுரு. அதை மணலில் பதித்து எடுத்தால் உண்டாகும் வெற்றிடத்தில்தான் உருகிய இரும்பை ஊற்றுவர்.

இரும்பு ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு என்றால் நூற்றுக்கு ஒரு பங்களவு சுருங்கும். ஆகவே வரைபடத்து அளவைவிடப் பேட்டர்ன் சற்றே பெரிதாக இருக்க வேண்டும். அதன் பக்கச்சுவர்கள் முற்றிலும் செங்குத்தாக இருந்தால், மணலிலிருந்து தூக்கும்போது மணல் ஓரங்கள் உடைந்துபோகும். எனவே சுவர்களுக்குச் சிறு சரிவு வேண்டும். உள்மூலைகள் கூர்மையாக இருந்தால் இரும்பு இறுகும்போது அவ்விடத்தில் விரிசல் காணும். ஓரிடத்தில் தடிப்பாகவும் அடுத்த இடத்தில் மெல்லிதாகவும் சுவர் அமைந்தால், மெல்லிய பகுதி முதலில் இறுக, தடித்த பகுதி பின்னர் இறுகும். அவ்வேறுபாட்டால் தடித்த இடத்தில் உள்ளே பொத்தல் விழும். வார்ப்பு வெளியே வந்தபின் லேத்தில் கடைபவருக்கு அதைப் பற்றிப்பிடிக்க ஓரிடம் தேவை. பிற்காலத்தில் ஏதோ ஒரு தோட்டத்துக் கிணற்று மேட்டில் அமர்ந்து பழுதுபார்க்கும் மெக்கானிக்குக்கு, போல்ட்டின் தலையைச் சுற்றி ஸ்பேனர் திரும்ப இடம் தேவை.

இவற்றுள் பல பாடநூலில் உள்ளவையே. ஆயினும் இந்தக் கூட்டுக்கு, இந்த மணலுக்கு, இந்த உலைக்கு எது பொருந்தும் என்பது பேட்டர்ன் செய்பவரின் விரல்களிலும் வார்ப்பவரின் கண்களிலும் இருக்கிறது. அவர் பள்ளியிறுதி வகுப்பைத் தாண்டாதவராக இருக்கலாம். வரைபடத்தைக் கண்டதும், "இந்த மூலை தாங்காதுங்க" என்று அவர் கூறினால், பொறியாளர் அதைக் கேட்டு வரைபடத்தைத் திருத்தினால், செலவு ஓர் அழிப்பானின் தேய்மானம். அவர் கூறத் தயங்கினாலோ, கூறியும் பொறியாளர் செவிமடுக்கவில்லையாயினாலோ, நூறு கூடுகள் வார்த்தபின் அந்த மூலையே விடை சொல்லும். அந்தச் செலவைப் பவுண்டரி முதலாளிகளிடம் கேட்டால் தெரியும். வடிவமைப்பில் ஒரு பிழை எவ்வளவு தாமதமாக வெளிப்படுகிறதோ அவ்வளவுக்கு அதனைத் திருத்தும் செலவு பெருகும். கூட்டுழைப்பு வேண்டப்படுவது இதன்பொருட்டே. அது நல்லொழுக்கப் பாடம் அன்று, கணக்கு.

ஐவர் வரைந்த விமானம்

சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் பயின்ற காலத்தில், இராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாம், தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணியில் நான்கு மாணவருடன் ஈடுபடுத்தப்பட்டார். காற்றியக்க வடிவமைப்பு அவர் பொறுப்பு. உந்துபொறி, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவியமைப்பு ஆகியவை மற்றவர் பொறுப்பு. விமானத்தில் இந்த ஐந்தும் தனித்தனியே நிற்பவை அல்ல. இறக்கையின் உருவம் மாறினால் அதைத் தாங்கும் சட்டகம் மாற வேண்டும். சட்டகம் கனத்தால் உந்துபொறியின் ஆற்றல் மிக வேண்டும். பொறி பெரிதானால் எடை நடுவம் நகரும். அதனால் கட்டுப்பாட்டுக் கணக்கு மீண்டும் தொடக்கத்திற்கே வந்துவிடும். ஒருவர் தாமதித்தால் ஐவரும் தாமதிப்பர்.

பணியைப் பார்வையிட்ட இயக்குநர் பேராசிரியர் சீனிவாசன், முன்னேற்றம் போதாது என்று கடிந்துகொண்டார். ஒரு மாத அவகாசம் கேட்ட கலாமுக்கு அவர் வழங்கியது மூன்று நாள். அதற்குள் முடியாவிடில் கல்வி உதவித்தொகை நிறுத்தப்படும் என்றும் எச்சரித்தார். சகோதரியின் நகையை ஈடுவைத்துப் படிக்க வந்த மாணவருக்கு அச்சொல் எத்தகைய இடியாக இருந்திருக்கும்! உணவையும் உறக்கத்தையும் மறந்து வரைந்துகொண்டிருந்த மாணவரை ஞாயிறன்று அவரே வந்து கண்டு பாராட்டினார். இந்நிகழ்ச்சியை விடாமுயற்சிக்குச் சான்றாகக் காட்டுவதே வழக்கம். எனக்கு இதில் வேறொன்று படுகிறது. 'முடியவில்லை' என்பதைப் பேராசிரியர் வந்து பார்க்கும் நாள்வரை அக்குழு எவரிடமும் கூறியதாகத் தெரியவில்லை. கூறத் தயங்கும் அவ்வுள்ளம் மாணவப் பருவத்துக்கு இயல்பானது. ஆனால் அதைக் கடந்தாக வேண்டும். எங்ஙனம் கடப்பது என்பதை அதே கலாமின் பிற்கால வாழ்வு காட்டுகிறது.

கசிவு

1979 ஆகஸ்டு 10. ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் நின்றது. 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு கட்டங்கள். திட்ட இயக்குநர் கலாம். இறங்குமுக எண்ணிக்கை நடந்துகொண்டிருந்த இறுதி நிமிடங்களில், இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பிலிருந்து நைட்ரிக் அமிலம் கசிவது தெரியவந்தது. வல்லுநர்கள் கணக்கிட்டனர், கசிந்தது சிறிதளவே, மீதமுள்ளது போதும் என்றனர். கலம் ஏவப்பட்டது. முதற்கட்டம் செவ்வனே இயங்கியது. இரண்டாம் கட்டம் கட்டுப்பாட்டை இழந்தது. சில நிமிடங்களில் கலம் வங்கக் கடலில் வீழ்ந்தது. பின்னர் நடந்த ஆய்வில், வால்வு ஒன்றில் சேர்ந்த மாசு அதனை மூடவிடாமல் செய்ததும், அதன்வழியே அமிலம் வெளியேறியதும் புலனாயின.

அன்று செய்தியாளர் முன் அமர்ந்தவர் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் பேராசிரியர் சதீஷ் தவன். தோல்வியைத் தம் தோள்மேல் ஏற்றுக்கொண்டு, தம் குழுவின்மீது நம்பிக்கை உண்டு என்றும் உரைத்தார். 1980 சூலை 18-ஆம் நாள் அடுத்த எஸ்.எல்.வி.-3, 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. சொந்த ஏவுகலத்தால் செயற்கைக்கோளை அனுப்பிய நாடுகளின் வரிசையில் இடம்பெற்றது இந்தியா. அன்று செய்தியாளரைச் சந்திக்குமாறு தவன் அனுப்பியது கலாமை. தலைமைப் பண்புக்கு எடுத்துக்காட்டாகக் கலாம் இதனைப் பல மேடைகளில் கூறியுள்ளமையால் நம் மாணவர் பலர் அறிவர்.

அவர்கள் அவ்வளவாக அறியாத மற்றொன்று உண்டு. தோல்விக்குப் பிந்திய ஆய்வுக் கூட்டத்தில் சக பொறியாளர்கள் தொழில்நுட்பக் காரணங்களை விளக்கிக்கொண்டிருந்தபோது, கலாம் எழுந்து, கசிவைச் சிறிதெனக் கருதியது தம் பிழை என்றும், ஏவுதலை நிறுத்தியிருக்க வேண்டியவர் தாமே என்றும் ஒப்புக்கொண்டார். தன்வரலாற்று நூலான 'அக்னிச் சிறகுகள்' இதனைப் பதிவு செய்துள்ளது. தலைவர் வெளியுலகின் முன் பழியை ஏற்றார். திட்ட இயக்குநர் உள்ளறையில் ஏற்றார். இவ்விரண்டும் நிகழும் இடத்தில், கசிவைக் கண்ட தொழில்நுட்பர் அடுத்த முறை வாய்திறக்க அஞ்சமாட்டார். தவன் செய்த பேருதவி இதுவே என்பது என் கருத்து. பழியைப் பங்கிட்டுக் கொடுப்பதிலேயே ஓராண்டைக் கழித்திருந்தால், பழுதை ஒளிக்கும் கலையைத்தான் அக்குழு கற்றிருக்கும்.

சொல்லியும் சேராத சொல்

குறையைக் கூறும் துணிவு இருந்தும் பயன் விளையாமற்போன நிகழ்ச்சியும் உண்டு. 1986 சனவரி 28-ஆம் நாள் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட்ட 73 நொடிகளில் சிதைந்து எழுவரும் மாண்டனர். முந்திய இரவு நடந்த தொலைபேசி மாநாட்டில், உந்துகலத்தைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் ஏவுதலை எதிர்த்திருந்தனர். உந்துகலத்தின் இணைப்புகளை அடைக்கும் இரப்பர் வளையங்கள் குளிரில் நெகிழ்ச்சியிழக்கும். 12 பாகை செல்சியசுக்குக் குறைவான குளிரில் ஏவ வேண்டா என்பது அவர்களது பரிந்துரை. அன்று காலை வெப்பநிலை ஏறக்குறைய 2 பாகை. மேலாளர்கள் தனியே கூடிப் பேசி, பொறியாளரின் கருத்தை ஒதுக்கி, ஏவலாம் என்று விடையளித்தனர்.

மேலாளர்களின் குற்றம் வெளிப்படை. ஆனால் பிற்கால ஆய்வாளர் சிலர் மற்றொன்றையும் சுட்டுகின்றனர். குளிர் மிகும்தோறும் வளையங்களின் சேதம் மிகுந்தது என்பதை ஒரே பார்வையில் உணர்த்தும் ஒரு படம் அந்த இரவு அனுப்பப்பட்ட தாள்களில் இல்லை. செய்திகள் இருந்தன; சிதறிக் கிடந்தன. விபத்துக்குப் பின் விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியல் அறிஞர் ரிச்சர்ட் ஃபைன்மன், இரப்பர்த் துண்டொன்றை இடுக்கியில் பிடித்துப் பனிக்கட்டி நீரில் முக்கி எடுத்து, அது மீளாமல் கிடப்பதை எல்லாரும் காணச் செய்தார். ஒரு குவளை நீர் செய்த வேலையைக் கட்டுக்கட்டான தாள்கள் செய்யவில்லை. சொல்வன்மைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியதன் அருமை இங்கே விளங்கும். அதனை அமைச்சருக்கு உரியதாக அவர் வைத்தார். இன்று பொறியாளருக்கும் உரியது.

1999-இல் செவ்வாயை அடைந்த அமெரிக்க விண்கலம் ஒன்று அழிந்ததும் இவ்வகையே. ஒரு குழு பவுண்டு அளவையில் தந்த எண்களை மற்றொரு குழு நியூட்டன் அளவை என்று கொண்டது. இரு குழுவின் கணக்கும் தனித்தனியே சரி.

கலந்தாய்வின் மரபு

நம் சமுதாய மாணவருக்கு இச்செய்தி புதிதாக இருக்கலாகாது. கலந்தாய்வு என்னும் பொருளுடைய 'அஷ்ஷூரா' திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயத்தின் பெயர். கி.பி. 627-இல் மதீனாவை எதிர்த்துப் பெரும்படை திரண்டபோது, நகரின் திறந்த வடபுறத்தில் அகழி தோண்டலாம் என்று யோசனை கூறியவர் ஸல்மான் ஃபார்ஸீ (ரலி). அவர் பாரசீகர், அடிமைத்தளையிலிருந்து அண்மையில் விடுபட்டவர். அரபு நாட்டுப் போர்முறைக்கு அகழி புதியது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்த யோசனையை ஏற்றதோடு, தோழர்களைக் குழுக்களாகப் பிரித்துத் தாமும் மண் சுமந்தார்கள். வேற்று நிலத்திலிருந்து வந்த ஒருவரின் தொழில்நுட்ப அறிவு, தலைமையின் செவியை அடைந்த வேகத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். அகழிப் போர் என்றே வரலாறு அதனை அழைக்கிறது.

ஒன்பதாம் நூற்றாண்டுப் பாக்தாதில் பனூ மூஸா எனப்பெறும் சகோதரர் மூவர், ஏறத்தாழ நூறு தானியங்குப் பொறிகளை விளக்கும் நூலொன்றை ஆக்கினர். முகம்மது வானியலிலும், அகமது பொறிநுட்பத்திலும், ஹசன் வடிவ கணிதத்திலும் வல்லவர். மூவரின் அறிவும் கலந்ததால் பிறந்தது அந்நூல்.

அண்மைக்காலச் சான்றொன்றும் கலாமின் வாழ்விலேயே கிட்டுகிறது. ஐதராபாத்தின் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த எலும்புமுறிவு மருத்துவர் ஒருவர் ஏவுகணை ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அங்கிருந்த எடைகுறைந்த கலப்புப் பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தவர், கலாமைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். போலியோவால் பாதிக்கப்பட்ட சிறுவர், ஏறத்தாழ 3 கிலோ எடையுள்ள உலோகத் தாங்கிகளைக் காலில் கட்டி இழுத்து நடந்துகொண்டிருந்தனர். மூன்று வாரங்களில் 300 கிராம் எடையுள்ள தாங்கிகள் உருவாயின. ஏவுகணை செய்தவர்க்கு அக்குழந்தைகளைத் தெரியாது. மருத்துவருக்கு அப்பொருளைத் தெரியாது. ஒருவர் வாய்திறந்து கேட்டார், மற்றவர் எழுந்து உடன் சென்றார்.

நம் மாணவர்

இனி என் உள்ளத்தை உறுத்தும் செய்திக்கு வருகிறேன். விசைத்தறிக் கூடங்களும் நூற்பாலைகளும் நிறைந்த இவ்வட்டாரத்திலிருந்து பொறியியல் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்பவர்கள். தறி ஓட்டும் தந்தையின் அருகிலிருந்து, ஓசை மாறினாலே எங்கே பழுது என்று அறிந்தவர்கள். என்னிடம் மேனிலை வகுப்பு வரை தமிழ்வழியில் பயின்று வந்த மாணவரின் தம்பி ஒருவர், பொறியியல் கல்லூரி ஒன்றில் நால்வர் குழுவில் செயல்திட்டம் செய்தார். சங்கிலிப் பற்சக்கரத்தின் நேர்க்கோடு பொருந்தவில்லை என்பது அவருக்கு முதல்வாரமே தெரிந்துவிட்டது. கூறவில்லை. ஏன் என்று கேட்டேன். "மற்ற மூவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள் ஐயா, இடையில் தமிழில் எப்படிச் சொல்வது?" என்றார். மதிப்பீட்டு நாளில் சங்கிலி கழன்று விழுந்தது.

ஒரு செயல்திட்டத்தில் கழன்ற சங்கிலியால் கேடொன்றும் இல்லை. அந்த மௌனத்தையே அவர் நாளை பாலத்துக்கும் கொதிகலனுக்கும் கொண்டுசென்றால் என்ன ஆகும்? மென்திறன் என்றால் ஆங்கிலம் என்று நாம் பழக்கிவிட்டதன் விளைவு இது. ஆங்கிலம் கற்க வேண்டா என்று நான் கூறவில்லை. உலகத் தொழிலின் பொதுமொழி அது. ஆயினும், கண்ட குறையை அஞ்சாமல் எடுத்துரைத்தல், பிறர் கூறுவதை இடைமறியாமல் கேட்டல், மறுப்பைப் பகையாக்காமல் மறுத்தல் ஆகிய பழக்கங்கள் தாய்மொழியில்தான் முதலில் வேர்கொள்ளும். வேர்கொண்டபின் எம்மொழிக்கும் மாற்றி நடலாம். பவுண்டரியில் வார்ப்பவரிடம் விளக்க வேண்டிய நாளில், எப்படியும் தமிழே துணை.

ஆகவே தமிழ்த்துறைகளுக்கு இதில் பங்குண்டு. பட்டிமன்றமும் கவியரங்கமும் நடத்தும் நம் மன்றங்களில், ஆண்டுக்கு ஒருமுறையேனும் பொறியியல் மாணவரை அழைத்து, தாம் செய்யும் பொறியை ஒரு தறித் தொழிலாளிக்கோ உழவருக்கோ விளங்கும் தமிழில் விளக்கச் செய்யலாம். கேட்பவர் வினவட்டும், குறை கூறட்டும். எம்.ஐ.டி.யின் தமிழ்ச் சங்கம் இத்தகையதொரு வாயிலைத் திறந்துவைத்திருந்தது. விமான வரைபடத்தை நிறைவுசெய்துகொண்டிருந்த அதே நாள்களில், அச்சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டிக்கு, நம் விமானத்தை நாமே ஆக்குவோம் என்ற பொருளில் கலாம் தமிழில் எழுதினார். முதற்பரிசு அவருக்கே கிடைத்தது. அதனை வழங்கியவர் ஆனந்த விகடன் ஆசிரியராகப் புகழ்பெற்ற தேவன்.